நான்கு கழிகளும் பத்துப் பேரும்



மும்பையிலும் தாணேயிலும், புனேயிலும் அகமதாபாத்திலும், கல்கத்தாவிலும் கொச்சியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரில் இருப்போர்க்கு எளிதிற் கிட்டாத வாய்ப்பு ஒன்று உண்டு. பல சமயத்தாரும் பல மொழியாரும் நமக்கு அண்டை வீட்டாராக அமைகின்றனர். அவர்கள் வீட்டு நன்மை தீமைகளில் நாமும் பங்கு கொள்கிறோம். அவ்வாறு நம் அருகே வாழும் மிகச் சிறிய சமூகங்களுள் யூத சமூகம் ஒன்று. அவர்கள் வீட்டுத் திருமணம் ஒன்று, இரண்டு மூன்று வாரத்திற்குள், திறந்த வெளியில், நெருங்கிய சிலரை மட்டும் வைத்துக்கொண்டு நடைபெற வேண்டுமாயின், அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வளவு விரைவு எதற்கு என்று கேட்கலாம். நமக்கும் இது புதிதன்று. கடல் கடந்து பணிபுரியும் மகனுக்கு இருபது நாளே விடுப்பு. பாட்டியார் படுக்கையில் இருக்கிறார், பேத்தியின் திருமணத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்கிறார். மணமகளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இத்தகைய நிலைமைகள் எல்லாச் சமூகத்தாருக்கும் நேர்வனவே. அப்போது எதை விடலாம், எதை விடலாகாது என்ற கேள்வி எழுகிறது. யூத மரபு இக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. விடலாகாதவை மிகச் சில. அவை பெருஞ்செலவு உடையனவும் அல்ல. ஆயினும் அவற்றுள் தலையானவை பொருள்கள் அல்ல, மனிதர்கள். அதனால்தான் எளிதாகத் தோன்றும் இக்காரியம் இந்தியாவில் இன்று அரிதாகியிருக்கிறது.

முதலில் இம்மக்களைப் பற்றிச் சிறிது கூறுவேன். இந்திய யூதர்களை மூன்று பெரும் பிரிவினராகக் கூறுவது வழக்கம். கொங்கணக் கடற்கரையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரவேலர் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்திவிட்டமையால் ‘சனிக்கிழமை வாணியர்’ என்னும் பொருளில் ‘சனிவார் தேலி’ என்று மராத்தி மக்களால் அழைக்கப்பட்டனர். மும்பையில் 1796ஆம் ஆண்டில் எழுந்த ‘ஷாரே ரஹமீம்’ ஜெபாலயம் அவர்களுடையது. ஈராக், சிரியா முதலிய நாடுகளிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்து மும்பையிலும் கல்கத்தாவிலும் தங்கியவர்கள் பாக்தாதி யூதர்கள். மூன்றாமவர் கொச்சி யூதர்கள். மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி ஜெபாலயத்தை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள்.

தமிழர்களாகிய நமக்கு இக்கொச்சி யூதர்பால் தனித்ததொரு தொடர்பு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு அளித்தான். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் வட்டெழுத்திலேயே அது பொறிக்கப்பட்டுள்ளது. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, தோரணம், தோரண விதானம் முதலிய சிறப்புரிமைகளை அச்செப்பேடு அவருக்கு வழங்குகிறது. இவற்றைக் கேட்கும்போதே நம் ஊர்க் கலியாண ஊர்வலம் ஒன்று கண்முன் தோன்றவில்லையா?

இந்தியா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி இந்நாட்டில் 20,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தனர். 1948ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாடு அமைந்தபின் பெரும்பாலோர் அங்கே சென்று குடியேறினர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி எஞ்சியிருந்தோர் 5,000க்கும் குறைவு. இவர்களுள் மிகுதியானோர் மும்பையிலும் அதனை அடுத்த தாணேப் பகுதியிலும் உள்ளனர். ஏனைய நகரங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே இருக்கின்றன. இதனை நினைவிற் கொண்டு மேலே கேளுங்கள்.

யூதத் திருமணத்திற்கு இன்றியமையாதவை யாவை? ஒன்று, மணமகன் தன் உடைமையாகிய மோதிரத்தைச் சாட்சிகள் முன்னிலையில் மணமகளுக்கு அணிவித்து, மோசே வகுத்த நெறிப்படி அவளைத் தனக்கு உரியவளாக்கிக் கொள்வதாகச் சொல்லும் சொல். மோதிரத்தில் கல் பதிக்காதிருப்பது வழக்கம். அதன் மதிப்பைப் பற்றி எவருக்கும் ஐயமோ மயக்கமோ எழலாகாது என்பது காரணம். அதனை மணமகளின் வலக்கைச் சுட்டுவிரலில் அணிவிப்பர். இரண்டு, ‘கெத்துபா’ என்னும் மண உடன்படிக்கை. மூன்று, ‘ஹுப்பா’ என்னும் மணவிதானம். நான்கு, திராட்சைரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் ஏழு ஆசிமொழிகள். இவ்வாசிமொழிகளைச் சொல்வதற்குப் பதின்மூன்று வயது நிரம்பிய யூத ஆண்கள் பதின்மர் கூடியிருத்தல் வேண்டும். பழமை வழுவாதோர் இவ்வாறு கொள்வர். சீர்திருத்தச் சபையார் பெண்டிரையும் அப்பத்தில் சேர்த்து எண்ணுவர். மணமகனும் பதின்மருள் ஒருவனாக எண்ணப்படுவான் என்பது பழைய நூல்களின் தீர்ப்பு. ஆகவே அழைக்க வேண்டியவர் ஒன்பதின்மர்.

காலம் குறுகியிருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வுநாள். அப்பொழுது திருமணம் கிடையாது. பஸ்கா, கூடாரத் திருநாள் போன்ற பண்டிகைகளிலும் அவற்றின் இடைநாட்களிலும் கிடையாது. பஸ்காவிற்கும் வாரங்களின் திருநாளுக்கும் இடைப்பட்ட ஏழு வாரங்களில் ஒரு பகுதியைப் பலரும் விலக்குவர். எந்தப் பகுதி என்பது அவரவர் மரபைப் பொறுத்தது. முப்பத்துமூன்றாம் நாளைப் பலர் ஏற்புடையதாகக் கொள்வர். பள்ளி விடுமுறையென்று நாம் சித்திரை வைகாசியில் நாள் தேடும்போது, அவர்களுக்கு அக்காலத்தின் ஒரு பகுதி அடைபட்டிருக்கும். எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைந்து துக்கம் காக்கும் மூன்று வாரங்களும் உண்டு. அவை பெரும்பாலும் நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும். நாமும் ஆடியில் மணம் செய்வதில்லை. அன்றியும் கொங்கணத்தில் அது அடைமழைக் காலம். திறந்த வெளியில் எவரும் பந்தலிட எண்ணார். வாரநாட்களுள் செவ்வாய்க்கிழமையைப் பலர் விரும்புவர். உலகப் படைப்பின் மூன்றாம் நாளைச் சொல்லுமிடத்து ‘நல்லது’ என்னும் சொல் இருமுறை வருகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். செவ்வாயைத் தவிர்க்கும் தமிழர்க்கு இது வியப்பாக இருக்கலாம்.

நாள் அமைந்தபின், அன்றே செய்ய வேண்டியது ஜெபாலயத்தாரைக் காண்பது. மணமக்கள் இருவரும் யூதர்தாமா, முன்னர் மணமானவராயின் சமய முறைப்படி மணவிலக்குப் பத்திரம் பெற்றவரா, ஆசாரிய குலத்தவனாகிய மணமகன் மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணக்க முற்படுகிறானா என்பனவற்றை அவர்கள் விசாரிப்பர். இவ்விசாரணையில் தடை ஏதேனும் தோன்றினால் மூன்று வாரத்தில் அது நீங்காது. மணமக்களுள் ஒருவர் பிற சமயத்தவராயின், பழமை நெறியினர் சமயச் சடங்கை நடத்த மாட்டார்கள். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. அச்சட்டத்திற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், விரைவை விரும்புவோர் அதனை முதலிலேயே கணக்கிட வேண்டும். இருவரும் யூதராயின் இந்நாட்டில் அவர்கள் மணத்துக்கென இயற்றிய தனிச் சட்டம் ஏதுமில்லை. சமய வழக்கே செல்லுபடியாகும். எனினும் மணத்தைப் பின்னர் அரசாங்கப் பதிவேட்டில் பதிந்துகொள்ளுதல் அறிவுடைமை. கடவுச்சீட்டுக்கும் பிற நாட்டுக் குடியேற்றத்துக்கும் அச்சான்றிதழ் உதவும்.

அடுத்தது கெத்துபா. இது அரமேய மொழியில் எழுதப்படுவது. மணமகன் தன் மனைவிக்கு உணவும் உடையும் இல்லறக் கடமையும் வழுவாது அளிப்பதாக உறுதி கூறும் பத்திரம் இது. முதன்முறை மணக்கும் பெண்ணுக்கு 200 சூஸ் என்னும் பழைய வெள்ளிக் கணக்கிலான தொகையையும், மணமுறிவு நேர்ந்தாலோ அவன் இறந்தாலோ அவளுக்குரியதாகக் குறிக்கிறது. அது மணமகளின் சொத்து. பத்திரம் தொலைந்துபோனால் வேறொன்று எழுதிய பின்னரே கணவனும் மனைவியும் கூடி வாழலாம் என்னும் அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஓவியம் தீட்டிய அழகிய கெத்துபா எழுதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அழகு கட்டாயமன்று. அச்சிட்ட படிவத்தில் பெயர், தந்தை பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பிழையின்றி நிரப்பினால் போதும். யூதர்க்கு நாள் மாறுவது நள்ளிரவில் அன்று, சூரியன் மறையும் பொழுதில். ஆகவே மாலை ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய சடங்கு, மாலை கட்டுபவர் தாமதித்தார் என்று ஏழு மணிக்குத் தள்ளிப்போனால், பத்திரத்தில் எழுதிய நாள் வேறு, மணம் நடந்த நாள் வேறு என்றாகிவிடும். நமக்கு முகூர்த்தம் எத்தகையதோ, அவர்களுக்கு அந்தி அத்தகையது.

பத்திரத்தில் கையொப்பமிடச் சாட்சிகள் இருவர் வேண்டும். அவர்கள் மணமக்களுக்கு நெருங்கிய உறவினராகவோ, தம்முள் ஒருவர்க்கொருவர் உறவினராகவோ இருத்தல் கூடாது. பெரிய சமூகத்தில் இது ஒரு பொருட்டன்று. நூறு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று கொண்டுங் கொடுத்தும் உறவு பூண்டிருக்கும் சிற்றூரில், உறவு அல்லாத இருவரைத் தேடுவது எத்துணை அருமை! ஆகவே விருந்துக்கு ஆள் பேசுவதற்கு முன் சாட்சிகளைப் பேசிவைத்தல் வேண்டும். சடங்கை நடத்தி வைக்க ரப்பியே வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முறை அறிந்த ஜெபாலயத்து ஓதுவாரே நடத்தலாம். பெனே இஸ்ரவேலரிடையே முற்காலத்தில் காஜி எனப்பட்ட பெரியவர்கள் இப்பணியைச் செய்துவந்தனர்.

இனித் திறந்த வெளியைப் பார்ப்போம். ஐரோப்பிய யூதர் பலரிடம் மணத்தை வானத்தின் கீழ் நடத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோ நகரில் வாழ்ந்த மோசே இஸர்லிஸ் என்னும் அறிஞர் இதனைக் குறிப்பிடுகிறார். வானத்து மீன்களைப் போல உன் சந்ததி பெருகும் என்று ஆபிரகாமுக்கு இறைவன் அளித்த வாக்குறுதியின் அடையாளம் அது. ஆகவே தோட்டத்திலோ, வீட்டு முற்றத்திலோ, மொட்டை மாடியிலோ, கடற்கரை மணலிலோ நடத்துவதில் குறையொன்றும் இல்லை.

விதானத்திற்கு வேண்டியவை நான்கு கழிகளும் ஒரு துணியும். தொழுகைக்கு அணியும் சால்வையையே துணியாகக் கட்டுவது பலர் வழக்கம். பந்தற்காரரைத் தேடிக் குழி தோண்டிக் கால் நட வேண்டியதில்லை. நண்பர் நால்வர் ஆளுக்கொரு கழியைப் பிடித்து நின்றாற் போதும். கடற்காற்று வீசுமிடத்தில் இதுவே பாதுகாப்பானதுங்கூட. நான்கு பக்கமும் அடைப்பின்றித் திறந்திருக்கும் அவ்விதானம் புது இல்லத்தின் அடையாளமாகும். எத்திசையிலிருந்தும் விருந்தினரை வரவேற்ற ஆபிரகாமின் கூடாரத்தை அது நினைவூட்டுகிறது என்பர். மழைக்கு அஞ்சினால் அருகில் ஒரு தாழ்வாரம் இருத்தல் நலம். சடங்கு முடிந்ததும் மணமக்களைச் சிறிது நேரம் தனியே விடும் வழக்கமுள்ளவர்களுக்குக் கதவுள்ள அறை ஒன்றும் வேண்டும். இறுதியில் மணமகன் ஒரு கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்து உடைப்பான். இன்பத்தின் நடுவிலும் கி.பி. 70இல் அழிந்த எருசலேம் ஆலயத்தை மறவாமைக்கு அது அறிகுறி. புல்தரையிலும் மணலிலும் குவளை உடையாமல் அமிழ்ந்துவிடும்; ஆகவே அடியில் ஒரு பலகை இடுதலும், சில்லு சிதறாதவாறு குவளையைத் துணியிற் சுற்றுதலும் வேண்டும்.

விருந்தைப் பற்றிய கவலையும் பெரிதன்று. இறைச்சியையும் பாலையும் ஒருங்கே உண்ணலாகாது, இறைச்சி சமய முறைப்படி அறுத்ததாக இருத்தல் வேண்டும் என்னும் விதிகள் அவர்களுக்கு உண்டு. அவ்வாறு அறுப்போர் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே சைவ விருந்து வைத்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நோன்பு கடுமையாகக் காப்போர் பாத்திரங்களைப் பற்றி மட்டும் கேட்பர். சமய முறைப்படி செய்த திராட்சைரசம் கிட்டாவிடில், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பெனே இஸ்ரவேலர் வழிவழியாகப் பயன்படுத்தி வருகின்றனர். மணத்தை ஒட்டி அவர்கள் மருதாணி இடுவர். அவலும் தேங்காய்த் துருவலும் பழங்களும் கலந்த ‘மலீதா’வை வைத்து எலியா தீர்க்கதரிசியை வாழ்த்தி வேண்டுவர். அவலும் தேங்காயும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மணமகள் நடந்து வரும்போது மணமகன் அவளை நோக்கிப் பாடி வரவேற்கும் அழகிய வழக்கமும் அவர்களிடம் உண்டு. அதற்குக் காசு வேண்டியதில்லை, குரல் இருந்தாற் போதும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பணம் செலவாகும் இனங்கள் யாவும் தள்ளத் தக்கவை என்பதும், தள்ளலாகாதவை யாவும் ஆட்களின் வருகையைப் பொறுத்தவை என்பதும் விளங்கும். அவர்கள் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1418ஆம் ஆண்டில் இத்தாலியின் ஃபொர்லி நகரில் கூடிய யூதத் தலைவர்கள், ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டுத் திருமண விருந்தினர் தொகைக்கே வரம்பு விதித்தனர். 1945ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியின் அகதி முகாம்களில் தங்கியிருந்தோர், பெற்றோரும் உற்றாரும் இன்றி அடுத்தடுத்து மணம் புரிந்தனர். பெல்சன் முகாமில் பாராசூட் துணியில் தைத்த ஒரே மணவுடையைப் பல பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அணிந்தனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாக இஸ்ரேல் அரசு கூட்டங்களுக்குப் பத்துப் பேர் என்று வரம்பு கட்டியது. மண்டபங்கள் மூடப்பட்டன, ஆனால் பத்துப் பேர் இருந்தால் மணம் நடக்கும் என்பது அவர்கள் முன்னோர் வகுத்த கணக்கே அன்றோ! முற்றங்களிலும் மாடிகளிலும் விதானங்கள் எழுந்தன.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே மண்டபம் உண்டு, மலர் உண்டு, சமையற்காரர் உண்டு. அந்தப் பத்துப் பேர்தாம் அரியர். கேரளத்தில் 2008ஆம் ஆண்டுக்குப்பின் 15 ஆண்டுகள் யூதத் திருமணம் ஒன்றும் நடைபெறவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் கொச்சியில் ஒரு மணம் நடந்தது. ஜெபாலயத்திற்கு வெளியே, ஒரு விடுதியில் அமைத்த விதானத்தின் கீழ், இஸ்ரேலிலிருந்து வந்த ரப்பி அதனை நடத்தி வைத்தார். உற்றாரும் நண்பரும் அனைவரும் காண வேண்டும் என்பதற்காகவே ஜெபாலயத்தை விட்டு வெளியே வைத்தனர் என்று செய்திகள் கூறின. செப்பேட்டில் தோரண விதானம் பெற்ற மரபினர்க்கு, அவ்விதானத்தின் கீழ் நிற்க ஆள் திரட்டுவதே அரிய காரியமாகிவிட்டது.

இத்தகைய மணத்திற்கு உங்களுக்கு அழைப்பு வருமாயின், அது பட்டியலை நிரப்ப வந்த அழைப்பாக இராது. தவறாது செல்லுங்கள். ஆடவர் தலையை மூடிக்கொள்ளத் தொப்பியோ கைக்குட்டையோ கொண்டு செல்லுங்கள். குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே போய்ச் சேருங்கள். அந்தி அவர்களுக்காகக் காத்திராது. பதின்மருள் ஒருவராகவோ சாட்சியாகவோ நீங்கள் நிற்க இயலாது. ஆனால் நாற்காலி போடவும், விருந்து பரிமாறவும், தொலைவிலிருந்து வரும் அந்த ஒன்பதாம் மனிதரை இரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரவும் உங்களால் இயலும். குவளை உடைந்ததும் எல்லோரும் ‘மஸல் தோவ்’ என்று வாழ்த்துவர்; நீங்களும் உடன் வாழ்த்தலாம்.

வேற்றூரில் வாழும் நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. டில்லியிலோ நாகபுரியிலோ நம் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்ய நேரும்போது, மண்டபத்தையும் பத்திரிகையையும் பற்றி முதலில் கவலைப்படுகிறோம். தாய்மாமன் வருவாரா, நாத்தனார் முடிச்சுப் போட இருப்பாளா, அட்சதை தூவப் பெரியவர்கள் நால்வர் கிட்டுவார்களா என்பதைக் கடைசியில் நினைக்கிறோம். யூதர் அக்கணக்கை மாற்றிப் போட்டிருக்கின்றனர். முதலில் ஆட்களை எண்ணுகின்றனர், பிறகே இலைகளை எண்ணுகின்றனர். குறுகிய காலத்தில் சிறிய மணத்தைச் செவ்வனே நடத்துவதற்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.